இடது கால் என்று எழுதிக் கொடுத்தேன்

எங்கள் சபை மூன்று வாரம் என் கணவரின் இடது காலுக்காக ஊக்கமாக ஜெபம் பண்ணியது. புண் இருந்தது வலது காலில். யாரையும் குறை சொல்ல வழியில்லை. எழுதிக் கொடுத்தது நான்தான்.

கட்டின புருஷனுக்கு எந்தக் காலில் புண் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். கேட்டிருக்கிறார்கள். என் நாத்தனார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். புண் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டது இந்தக் கைதான். அதன் பெயர்தான் தகராறு. எங்கள் வீட்டில் அது "கெட்ட கால்", மற்றது "நல்ல கால்". இடது வலது என்று யாரும் பேசுவதில்லை, நான் இருக்கும் வீட்டில் பேசவும் முடியாது.

நான் கடலூரில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு எதிரே நின்று "வலது கையைத் தூக்கு" என்று சொல்லும்போது நான் இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் கண்ணாடி பார்த்த மாதிரி அதுகள் சரியான கையைத் தூக்கும். நான் என் வலதைத் தூக்கினால் நாற்பது பிள்ளைகளும் இடதைத் தூக்கி நிற்கும். இருபத்திரண்டு வருடம் வாயால் ஒன்று, கையால் ஒன்று என்று செய்தால் மூளை என்னத்துக்கு ஆகும்? ஆட்டோக்காரரிடம் "ரைட்டுல திரும்புங்க" என்பேன், கை இடது பக்கம் காட்டும். கடலூர் ஆட்டோக்காரர்கள் என் கையைப் பார்த்துத் திரும்பப் பழகிவிட்டார்கள்.

அவர் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஈரத்தில் ரப்பர் பூட்ஸோடு நிற்கிற வேலை. சர்க்கரை இருக்கிறது, ஆனால் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிற வழக்கம் கிடையாது. பாதத்தில் கொப்புளம் வந்தபோது "பூச்சி கடிச்சிருக்கும்" என்றார். கொப்புளம் புண்ணானபோது "பூட்ஸ் கடிச்சிருக்கு" என்றார். விரல் கறுத்து வாடை அடிக்க ஆரம்பித்தபோது கடிக்க வேறு எதுவும் மிச்சமில்லாமல் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர ஒப்புக்கொண்டார்.

அட்மிஷன் திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். எங்கள் கோயிலில் வாசலருகே ஒரு பெட்டி உண்டு, நூலில் கட்டின பேனாவோடு. யாருக்கு, எதற்கு ஜெபம் வேண்டும் என்று விவரமாக எழுதிப் போட்டால் ஆயர் பீடத்திலிருந்து வாசிப்பார். "கணவருக்குக் காலில் புண்" என்று எழுதியிருந்தால் போதும். ஆனால் நான் டீச்சர். விவரம் முழுதாக இருக்க வேண்டும். அவர் கட்டிலில் படுத்திருப்பதையும் நான் எதிரே நிற்பதையும் மனசுக்குள் கொண்டுவந்தேன். "வலது" என்று வாய் சொன்னது. உடனே ஒரு சந்தேகம். எதிரே யாராவது இருந்தால் என் வாய் மாற்றித்தான் சொல்லும், அது வகுப்புப் பழக்கம். ஆகவே நன்றாக யோசித்து, மிகுந்த ஜாக்கிரதையாக, "இடது கால்" என்று எழுதினேன். அடியில் கோடும் போட்டேன்.

ஆயர் அதைக் கோடு போட்ட குரலிலேயே வாசித்தார். ஆராதனை முடிந்ததும் சங்கிலி ஜெபம் ஏற்பாடாயிற்று. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, அரை மணிக்கு ஒரு குடும்பம், சங்கிலி அறாமல் தினமும். தாளை வாசலில் ஒட்டினார்கள். மத்தியானம் இரண்டு மணியை யாரும் எடுக்கவில்லை. சாப்பிட்டு கண் சொக்குகிற நேரம். கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்பிள்ளை அதைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். முழங்காலில் நின்றபடியே தூங்கக் கூடியவர் சபையில் அவர் ஒருவர்தான்.

சிதம்பரத்தில் ஆண்கள் வார்டு. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நான் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால்தான் இடம். கெட்ட காலில் முழங்கால் வரை கட்டு. ஈக்கு பயந்து இடுப்பிலிருந்து பாதம் வரை இரண்டு காலையும் சேர்த்துப் போர்வையால் மூடி வைத்திருப்போம். பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் போர்வையும் அதன் மேல் முனையில் அவருடைய மீசையும்தான்.

செவ்வாய்க்கிழமையே ஆயர் வந்துவிட்டார். தலையில் கை வைத்து, கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த இடது காலைக் கண்ணோக்கிப் பாரும்" என்று அரை மணி நேரம். வியாழன் மாதர் சங்கத்தார் ஆறு பேர். ஆறு பேருமே இடது கால். வருகிறவர்கள் எல்லோரும் போகும்போது என் கையைப் பிடித்து, "சமாதானமா இரும்மா" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமாதானம் என்ன மெடிக்கல் ஷாப்பிலா விற்கிறது, சீட்டைக் காட்டி பத்து மாத்திரை வாங்கிக்கொள்ள?

உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் எனக்கு ஜெபமே வரவில்லை. வந்தது வேலை வாங்குவது. ஆண்டவரை முதல் பெஞ்சில் உட்கார வைத்து, "புண் ஆறணும், ஜுரம் விடணும், சர்க்கரை இறங்கணும், இந்த வாரத்துக்குள்ள வீட்டுக்குப் போகணும்" என்று வீட்டுப்பாடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் நர்ஸ் கட்டைப் பிரிக்கும்போது முடித்திருக்கிறாரா என்று பார்ப்பேன். முடித்திருக்க மாட்டார். அன்றைக்கெல்லாம் அவரோடு பேச மாட்டேன்.

அவரோ, நான் சொல்வது என் கணவரை, சாந்தமாகப் படுத்திருந்தார். வருடத்தில் இரண்டு நாள், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் ஃபேனுக்குக் கீழே உட்காருகிறவர் அவர். வாரம் தவறாமல் போகிற நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்துக் கட்டில் பாயோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார். பாய் பரங்கிப்பேட்டைக்காரர், துபாயில் பல வருடம் இருந்து திரும்பியவர், அவருக்கும் சர்க்கரைதான். இரண்டாவது நாளே இருவரும் மச்சான் ஆகிவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் பண்ருட்டியிலிருந்து நாத்தனார் வந்தார், அவருக்கு அக்கா. சர்க்கரை நோயாளியைப் பார்க்க முழுப் பலாப்பழத்தோடு வந்த ஒரே ஆள் அவர்தான். "நம்ம மரத்துது. ரெண்டு சொள தின்னா ஒண்ணும் ஆவாது" என்றார். அவர் போவது சத்தமாக ஜெபிக்கிற சபை. எங்கள் ஆயர் மாதிரி தலையில் கை வைத்துவிட்டு நிறுத்துகிற ஆள் இல்லை. எந்த இடத்தில் நோவோ அந்த இடத்தைப் பிடித்துத்தான் ஜெபிப்பார். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தபடி போர்வையோடு சேர்த்து இடது காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். வார்டே திரும்பிப் பார்க்க ஜெபித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, கட்டு அவிழ்ந்து ரத்தம் வந்துவிடுமே என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் தம்பியைப் பார்த்து, "வலிக்குதாடா?" என்றார்.

"இல்லக்கா" என்றார் இவர்.

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

நாத்தனார் அழுதுவிட்டார். நானும் அழுதேன். ராத்திரி பகலாக விண் விண் என்று தெறிக்கிற கால், இத்தனை இறுக்கிப் பிடித்தும் வலிக்கவில்லை என்றால் அது அற்புதம் இல்லாமல் வேறென்ன? அடுத்த ஞாயிறு பண்ருட்டியில் நாத்தனார் மைக் பிடித்து சாட்சி சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் ஆண்டவரோடு பேச்சுவார்த்தையில் இருந்தேன்.

பாய்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவர் தங்கமான மனுஷன், சுற்றி வளைத்துத்தான் கேட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வாரமா ஒரு கொழப்பம். நானும் மச்சானுக்காக துஆ கேக்கறேன். உங்க ஆளுங்க வர்றவங்க எல்லாரும் இடது காலு, இடது காலுங்கறாங்க. நர்ஸம்மா கட்டுப் பிரிக்கறது அந்தக் காலுல்ல. நான் எந்தக் காலுக்குக் கேக்கறது?"

நான் போர்வையைப் பார்த்தேன். பிறகு கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், அவர் பார்க்கும் திசையிலேயே நானும் பார்த்து நின்று, சோறு தின்கிற கை எது என்று யோசித்து, அந்தப் பக்கத்துக் காலைத் தேடினேன். அங்கேதான் இருந்தது கட்டு.

நாத்தனார் பிடித்தது நல்ல கால். நல்ல கால் எப்படி வலிக்கும்?

"உங்களுக்குத் தெரியுமா?" என்று இவரைக் கேட்டேன்.

"ஏன் தெரியாது? காலு என்னுதுதான?"

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன? மூணு வாரமா ஊரே வந்து பண்ணிட்டுப் போவுது!"

"சொன்னா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க டீச்சர்" என்றார். பாய் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அற்புதம் போய்விட்டது. அதைவிட, ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் ஜெபித்தும் புண் ஆறாததற்கு நான்தான் காரணமோ? ஒரு வார்த்தையை ஒழுங்காக எழுதத் தெரியாமல் இவர் காலைக் கெடுத்துவிட்டேனோ? பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். சனிக்கிழமை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி கடலூர் ஓல்டு டவுனில் இறங்குகிற வரை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஊர் ஊராக அதையே நினைத்து அழுதுகொண்டு போனேன். பக்கத்து சீட் அம்மா முந்திரி கொடுத்தார்.

ஆயரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் தாடையைத் தடவினார்.

"எந்தக் காலுன்னு ஆண்டவருக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்னா நாம எதுக்குங்கய்யா விவரமா சொல்றோம்?"

ஆயர் உள்ளே பார்த்து, டீ போடச் சொன்னார். குடித்து முடிந்த பிறகு, "அத ஒரு பிரசங்கமா வெச்சுக்கலாம். இப்போதைக்கு ஒரு அறிவிப்பு குடுத்துடுவோம்" என்றார்.

மறுநாள் அறிவிப்பு வந்தது. தொலைந்துபோன ஒரு குடைக்கும், மாதர் சங்கக் கூட்டத்துக்கும் நடுவில். "சென்ற வாரங்களில் இடது கால் என்று வாசிக்கப்பட்டதைச் சபையார் வலது கால் என்று திருத்திக்கொள்ளவும்." சபை முழுதும் திரும்பி என்னைப் பார்த்தது. பாவமன்னிப்பு ஜெபத்தின்போதுகூட நான் அப்படித் தலை குனிந்ததில்லை. வெளியே வந்தால், தாளில் இடதை அடித்து வலது என்று சிவப்பு மையில் எழுதி, சங்கிலியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். இவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது.

திங்கட்கிழமை காலை டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் பழைய மாணவி வயதுதான் இருக்கும். மெதுவாகப் பேசினார். விஷம் மேலே ஏறுகிறது, இனி தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். நாளைக்குக் காலையில். ஃபாரத்தை நீட்டி, "அவர் கையெழுத்து போட்டுட்டார். கூட இருக்கறவங்களும் போடணும். எந்தக் கால்னு உங்க கையாலயே எழுதுங்கம்மா" என்றார்.

எந்தக் கால் என்று. என் கையால்.

போன தடவை நான் தப்பாக எழுதினதில் ஒரு சபைதான் சிரித்தது. இந்தத் தடவை தப்பாக எழுதினால்? தாளை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்கு ஓடினேன். "அந்தக் கால கொஞ்சம் தூக்குங்க" என்றேன். தூக்கினார். தலைமாட்டுக்குப் போய் நின்று பார்த்தேன். கால்மாட்டுக்கு வந்து பார்த்தேன். பாயைக் கேட்டேன். "வலதுதான் அக்கா, அல்லா சத்தியமா" என்றார். வ, ல, து என்று, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். எழுதி முடித்ததும் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, வார்டு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

அவர் கையை நீட்டி என் தலையைத் தொட்டார். "எனக்கு மொதல்லயே தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"வந்த ரெண்டாம் நாளே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ ரத்த டெஸ்டு ரிசல்ட்டு வாங்கப் போயிருந்த. காப்பாத்தப் பாக்கறோம், ஆனா அனேகமா எடுக்கறாப்புல இருக்கும்னாங்க. இன்னொண்ண பத்திரமா பாத்துக்குங்க, சர்க்கர அதையும் விடாதுன்னாங்க."

எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது. "மூணு வாரமா எங்கிட்ட மறச்சீங்களா?"

"சொன்னா நீ சண்டைக்குப் போயிடுவ. டாக்டர் கூட இல்ல, மேல இருக்கறவர் கூட. ஏற்கனவே அவருக்கு நீ ஜாஸ்தி வேல குடுத்துட்டிருந்த." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவங்க சொல்லிட்டுப் போனதும் போர்வைக்குள்ள காலப் பாத்தேன். எனக்கு ஜெபமெல்லாம் பண்ணத் தெரியாது. இது போனா போவுதுப்பா, அந்த ஒண்ண உட்டு வையி, நின்னுக்கறேன்னு கேட்டேன். கேட்டு ஒரு மணி நேரம் ஆவல. ஐயா வந்து தலையில கைய வெச்சு, ஆண்டவரே இந்த இடது காலப் பாருங்கறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் மனசுல கேட்டத இவுரு வாய் விட்டுச் சொல்றாரு. அப்புறம் வர்றவங்க எல்லாம் அதயே சொல்றாங்க. அத எதுக்குத் திருத்தணும்?"

நான் மூன்று வாரம் வீட்டுப்பாடம் கொடுத்து, மதிப்பெண் போட்டு, பேச்சை முறித்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் ஒரே ஒரு வரி கேட்டுவிட்டு, கிடைத்துவிட்டது என்று அரசியல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கெடுத்துவிட்டேன் என்று பஸ்ஸில் அழுத அந்த ஜெபச் சீட்டு, இவர் இத்தனை நாள் தலை வைத்துப் படுத்திருந்த இடம்.

அப்போதுதான் அது வந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இருந்தது. துக்கமும் இருந்தது. கூட்டமான பஸ்ஸில் கால் கடுக்க நின்றுகொண்டே வருகிறவளுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்த மாதிரி, அத்தனைக்கும் நடுவில் உட்கார ஓர் இடம் கிடைத்தது. பஸ் போகிற ஊர் மாறவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்ததை எல்லாம் நிறுத்திவிட்டேன் என்பதை மெதுவாகத்தான் கவனித்தேன். கேட்க எதுவும் தோன்றவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன், "சமாதானமா இரும்மா" என்று யாரும் சொல்லாமலே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ் பிடித்து ஆயர் வந்துவிட்டார். கூடவே கோயில்பிள்ளையும். என் கணவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்து நின்றிருந்தது. நர்ஸ் கெட்ட காலில் பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார். இந்த முறை ஆயர் தவறு நடக்க விடுவதாக இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே போர்வையை விலக்கி, கட்டையும் அம்புக்குறியையும் பார்த்து, அதன் மேல் கையை வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று என் பக்கம் திரும்பினார்.

"வலதுதானேம்மா?"

நான் அவர் கையை மெல்ல எடுத்து அடுத்த காலின் மேல் வைத்தேன்.

"இடதுக்கே பண்ணுங்கய்யா. அதுதான் எங்ககூட வீட்டுக்கு வருது."